இறப்புச் சான்றில் ‘அடக்கம்’, ‘தகனம்’, ‘பெர்மிட்’: செட்டிநாட்டுக் குடும்ப வரலாறு தேடுவோருக்கு

“பாட்டையா பினாங்கில் இறந்தார், அங்கேயே அடக்கம்” என்று வீட்டில் சொல்வார்கள். பாடுபட்டுச் சான்றை வரவழைத்தால், அதில் அடக்கம் பற்றி ஒரு வரியும் இருக்காது. அல்லது ‘பெர்மிட்’ என்ற ஒரு சொல் இருக்கும். அதைக் கல்லறை என்று எடுத்துக்கொண்டு, இல்லாத கல்லறையைத் தேடி அலைவார்கள். இந்த அலைச்சலைத் தவிர்க்க ஒரு விஷயம் மனத்தில் இருந்தால் போதும். இறப்புச் சான்று மரணத்துக்குத்தான் சாட்சி. உடலை என்ன செய்தார்கள் என்பதற்கு அது பெரும்பாலும் அனுமதிச் சீட்டு, இல்லையென்றால் தகவல் சொன்னவரின் வாய்மொழி. நடந்தது என்ன என்பதற்கு மயானத்திலிருந்தோ சர்ச்சிலிருந்தோ ஜமாஅத்திலிருந்தோ இரண்டாவது தாள் ஒன்று வேண்டும்.

1. கையில் இருப்பது எந்தத் தாள்?

பழைய இரும்புப் பெட்டியிலிருந்து எடுக்கும் எல்லாத் தாளையும் ‘டெத் சர்டிபிகேட்’ என்றுதான் வீட்டில் சொல்வார்கள். பிரித்துப் பாருங்கள். பதிவாளர் தந்த சான்று ஒன்று. பதிவேட்டின் முழு வரியைப் பார்த்து எழுதிய நகல் வேறு. உடலை எடுத்துச் செல்லவும் புதைக்கவும் எரிக்கவும் தந்த அனுமதிச் சீட்டு மூன்றாவது. மயான ரசீது நான்காவது. மருத்துவர் எழுதிய மரணக் காரணச் சான்று இன்னொன்று.

சான்றைவிட முழு நகலில் செய்தி அதிகம் இருக்கும். தகவல் கொடுத்தவர் பெயர், அவருக்கும் இறந்தவருக்கும் உள்ள உறவு, குறிப்புக் கட்டம் எல்லாம் அதில்தான் வரும். வெளிநாட்டு அலுவலகத்துக்கு எழுதும்போது “சான்று வேண்டும்” என்று மட்டும் எழுதாதீர்கள். “பதிவேட்டின் முழுப் பதிவின் சான்றிட்ட நகல் வேண்டும்” என்று எழுதுங்கள். இதை விட்டுவிட்டால் இரண்டாம் முறையும் பணம் கட்ட வேண்டிவரும்.

2. பெயரை எல்லா வடிவத்திலும் எழுதிக்கொள்ளுங்கள்

அலுவலகத்துக்குப் போகுமுன் ஒரு முழுப் பக்கத்தில் எழுதுங்கள்: பெயர், விலாசம் (முகவரி அன்று, பெயருக்கு முன் வரும் தலைப்பெழுத்துகள்), ஊர், குலக்கோயில், அதன் பிரிவு, தகப்பனார் பெயர், மனைவி பெயர், வெளிநாட்டில் எந்தக் கடையில் இருந்தார், முதலாளியா, மேலாளா (கடையை நடத்துபவர்), அடுத்தாளா (அவருக்கு உதவியாளர்).

நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) விலாசத்தில்தான் பாதிச் சிக்கல். ஏஎல் என்றால் அழகப்பன், பிஎல் என்றால் பழனியப்பன், ஆர்எம் ராமநாதன், சிடி சிதம்பரம். வெளிநாட்டு எழுத்தர் இந்த இரட்டை எழுத்தை இரண்டு தனி இனிஷியலாகப் பிரித்திருப்பார். மலேசியப் படிவங்களில் ‘ஏ/எல்’ என்று சாய்கோட்டுடன் வருவது விலாசம் அன்று. அது ‘மகன்’ என்பதற்கான மலாய்ச் சுருக்கம், மகளுக்கு ‘ஏ/பி’. சாய்கோடு விடுபட்ட தட்டச்சுப் பிரதியைப் பார்த்து, அழகப்பன் என்ற இல்லாத தகப்பனாரைக் குடும்ப மரத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

சிதம்பரம் என்ற பெயரை ஆங்கில ‘சி’யிலும் தேடுங்கள், ‘எஸ்’ஸிலும் தேடுங்கள். லெட்சுமணன், லட்சுமணன் இரண்டையும் பாருங்கள். பல அட்டவணைகளில் ‘செட்டி’, ‘செட்டியார்’ என்பதைக் குடும்பப் பெயராக வைத்து அடுக்கியிருப்பார்கள். பெண்கள் பெயரில் ‘ஆச்சி’யைச் சேர்த்தும் தேட வேண்டும், விட்டும் தேட வேண்டும். கல்யாணத்துக்குப் பின் ஆச்சிமாருக்குக் கணவர் வீட்டு விலாசம் வந்துவிடும் என்பதால் பிறந்த வீட்டு விலாசத்தில் மட்டும் தேடிப் பயனில்லை.

பேரனுக்கு ஐயா (தாத்தா) பெயர் வைக்கும் வழக்கத்தால் ஒரே விலாசமும் ஒரே பெயரும் ஒரு தலைமுறை விட்டு மறுபடி வரும். வயதையும் மனைவி பெயரையும் பார்க்காமல் எந்தச் சான்றையும் “இவர்தான்” என்று முடிவு கட்டாதீர்கள். பிள்ளை கூட்டிய வீடுகளில் தகப்பனார் பெயர்க் கட்டத்தில் சுவீகாரத் தகப்பனார் இருப்பார். பெற்றவர் பெயரும் இருக்கலாம். இரண்டையும் குறித்து வையுங்கள்.

3. திதியைத் தேதியாக்குங்கள்

வீட்டில் நினைவிருப்பது தேதியாக இருக்காது. “சித்திரபானு வருஷம், மாசி, தேய்பிறை பஞ்சமி” என்பார்கள். அலுவலகம் கேட்பது ஆங்கிலத் தேதியை. தேடும் கட்டணம் பல இடங்களில் ஆண்டுக் கணக்கில்தான். அங்கே ஐந்து ஆண்டு தேடச் சொன்னால் ஐந்து ஆண்டுக்கும் பணம் கட்ட வேண்டும். எனவே இந்தப் படியில் செலவிடும் ஒரு மாலை, பின்னால் பணத்தையும் பல மாதங்களையும் மிச்சப்படுத்தும்.

அறுபது ஆண்டுச் சுற்றில் முதலாவதான பிரபவ 1867, 1927, 1987-இல் பிறந்தது. சித்திரபானு பதினாறாவது, ஆகவே 1882, 1942, 2002. எந்தச் சுற்று என்பதை மகன் பிறந்த ஆண்டு, கடை நடந்த காலம் இவற்றை வைத்து முடிவு செய்யுங்கள். தமிழ் ஆண்டு சித்திரையில் தொடங்குவதால் தை, மாசி, பங்குனி மூன்றும், மார்கழியின் பின்பாதியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். சித்திரபானு மாசி என்றால் 1943 பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரை. 1942-ஐத் தேடச் சொன்னால் “பதிவு இல்லை” என்று பதில் வரும். கட்டிய பணமும் போகும்.

பழைய பஞ்சாங்கத்தில் திதியைப் பார்த்து வரும் நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். திதி நள்ளிரவில் மாறுவதில்லை.

இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். கருமாதிப் பத்திரிகையில் இருப்பது கருமாதி நாள். அதை இறந்த நாளாக எழுதிவிடுகிறார்கள். பதினாறைக் கழித்தால் போதும் என்பதும் எப்போதும் சரிவராது, நாள் பார்த்து முன்தள்ளி நடத்திய வீடுகள் உண்டு. அதேபோல், கடல் கடந்து இறந்தவருக்குச் செய்தி வந்த நாளை வைத்துக் காரியம் செய்திருக்கலாம். அப்படியானால் வீட்டில் கும்பிடும் திதிக்கும் சான்றின் தேதிக்கும் வாரக்கணக்கில் இடைவெளி இருக்கும். சான்று தவறு என்று ஒதுக்காதீர்கள்.

ஜப்பானியர் ஆண்ட காலத்து மலாயா, சிங்கப்பூர்த் தாள்களில் ஆண்டு 2602, 2603 என்று இருக்கும். 660-ஐக் கழியுங்கள், 1942, 1943 கிடைக்கும்.

4. சரியான அலுவலகம்

இறப்பு பதிவாவது சொந்த ஊரில் அன்று, இறந்த இடத்தில். கண்டனூர்க்காரர் மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தால் பதிவு மதுரையில். கண்டனூரில் எரியூட்டியிருந்தாலும் அப்படித்தான். உள்ளூரில் பதிவைத் தேடி ஏமாறுவோரில் பெரும்பாலோர் இந்த ஒன்றில்தான் சறுக்குகிறார்கள்.

கிராமத்தில் பதிவாளர் கிராம நிர்வாக அலுவலர். நகராட்சியிலும் பேரூராட்சியிலும் அந்தந்த அலுவலகத்தின் பிறப்பு இறப்புப் பிரிவு. கிராமத்துப் பழைய பதிவேடுகள் வட்டாட்சியர் அலுவலகம் வழியாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடும். ஆகவே 1950-க்கோ 60-க்கோ கிராம நிர்வாக அலுவலரிடம் நிற்பதில் பயனில்லை; பத்திரப்பதிவு அலுவலகத்துக்குப் போங்கள். இணையத்தில் கிடைப்பவை அண்மைக்காலப் பதிவுகள் மட்டுமே.

மனுவில் பழைய எல்லையையும் எழுதுங்கள். சிவகங்கை மாவட்டம் 1985-இல் வந்தது. அதற்கு முன் இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டம். காரைக்குடிப் பக்கத்துப் பழைய தாள்களில் ‘திருப்பத்தூர் தாலுகா’ என்று பார்த்தால் அது நம் திருப்பத்தூர். வடாற்காட்டுத் திருப்பத்தூருக்குக் கடிதம் போட்டுவிடாதீர்கள். ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி, பனையப்பட்டி போன்ற ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானம், பிறகு திருச்சி மாவட்டம், 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டம்.

கொண்டுபோக வேண்டியவை: உங்கள் அடையாள அட்டை நகல், இறந்தவரோடு உறவைக் காட்டும் ஏதேனும் ஒரு தாள் (வாரிசுச் சான்று, பத்திர நகல், குடும்ப அட்டை), மேலே சொன்ன பெயர்ப் பக்கம், தேடவேண்டிய ஆண்டு. கையால் எழுதிய பதிவேட்டைப் புரட்ட வேண்டியிருக்கும் என்பதால் அன்றே கிடைக்கும் என்று திட்டமிடாதீர்கள். வெளியூரிலிருந்து வருவோர் மனுவைக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொண்டு, இரண்டாம் வருகைக்கும் நாள் ஒதுக்குங்கள்.

5. சொற்களைப் படிப்பது

தமிழ்நாட்டுச் சான்று. இதில் அடக்கத்துக்கோ தகனத்துக்கோ கட்டமே இல்லை. பெயர், பால், இறந்த நாள், இடம், பெற்றோர் அல்லது கணவர் அல்லது மனைவி பெயர், முகவரிகள், பதிவு எண், பதிவு நாள், அவ்வளவுதான். மரணக் காரணமும் இருக்காது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, நகலில் காரணத்தைக் காட்டக்கூடாது என்கிறது. காரணத்தை எழுதித் தரச் சொல்லி அலுவலரிடம் வாதாடாதீர்கள். ‘இறந்த நாள்’, ‘பதிவு நாள்’ இரண்டும் வேறு என்பதை மட்டும் கவனியுங்கள். 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை, பிறகு தாமதக் கட்டணம், ஓராண்டு கடந்தால் உத்தரவு வேண்டும். சொத்துப் பிரிவினைக்காகப் பல ஆண்டு கழித்துப் பதிவு செய்த சான்றுகள் நம் பக்கத்தில் நிறைய. அவற்றில் இறந்த நாள் நினைவிலிருந்து சொன்னது. நம்பிக்கை அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மயான ரசீது. இதில் வரும் சொற்கள்தான் நேர்ச்சாட்சி. ‘தகனம்’, ‘எரியூட்டல்’ என்றால் எரித்தது. ‘அடக்கம்’, ‘நல்லடக்கம்’ என்றால் புதைத்தது. ஆனால் பத்திரிகையிலும் பேச்சிலும் ‘இறுதிச் சடங்கு’ என்ற பொருளில் எரித்ததற்கும் ‘அடக்கம்’ என்று எழுதுவதுண்டு. ‘இடுகாடு’, ‘சுடுகாடு’ என்று பிரித்து எழுதியிருந்தால் நம்பலாம். ‘மயானம்’ இரண்டுக்கும் பொது. நகரத்தார் வீடுகளில் எரியூட்டுவதே வழக்கம் என்றாலும் குழந்தைகளைப் புதைப்பார்கள். எனவே ‘அடக்கம்’ என்ற சொல்லோடு வயதையும் சேர்த்துப் படியுங்கள். துறவு பூண்டவர்களை எரிப்பதில்லை. ‘சமாதி’ என்று வரும். கோவிலூர் மடம் போன்ற இடங்களோடு தொடர்புள்ளவர் என்றால் மடத்தில் கேட்க வேண்டும். ‘சிவபதவி அடைந்தார்’, ‘இறைவனடி சேர்ந்தார்’ என்பவை மரணத்தைச் சொல்வன, இடத்தை அல்ல.

இலங்கைச் சான்று. நம் தேடலுக்கு இதுதான் மிக உதவியானது. மரணக் காரணமும், புதைத்த அல்லது எரித்த இடமும் ஒரே கட்டத்தில் வரும். முதல் பாதி நோய், இரண்டாம் பாதி இடம். கையெழுத்து ஓடி ஒட்டியிருந்தால் ஊர்ப் பெயரை நோயாகப் படித்துவிடுவார்கள். கொழும்பில் ‘கனத்தை’ என்று இருந்தால் அது பொரளைப் பொது மயானம். பதிவாளர் மரணத்தை எழுதும்போது அந்தக் கட்டத்தில் வருவது, தகவல் சொன்னவர் சொன்ன இடம். கொழும்பு முகவரி செட்டியார் தெரு என்று இருந்தால் அது பெரும்பாலும் கடையின் முகவரி. விண்ணப்பம் இறந்த பகுதியின் பிரதேச செயலகத்துக்கு. பதிவு எண்ணும் நாளும் தெரிந்தால் கட்டணம் குறைவு. தேடச் சொன்னால் கூடும்.

மலேசியா, சிங்கப்பூர். பழைய தாள்கள் ஆங்கிலத்தில், மலேசியாவில் பின்னாளையவை மலாயில். ‘சிஜில் கெமாதியான்’ என்பது இறப்புச் சான்று. ‘பெர்மிட் மெங்குபுர்’ என்பது புதைக்கும் அனுமதி என்று தலைப்பில் இருந்தாலும், எரியூட்டக் கொண்டுபோன உடலுக்கும் இதே சீட்டுத்தான். பினாங்குக் கல்லறையைத் தேடிப் போவோர் தடுக்கி விழும் இடம் இது. ‘தெம்பாட் கெமாதியான்’ இறந்த இடம், ‘செபாப்’ காரணம், ‘பெமாக்லும்’ தகவல் தந்தவர். ‘டிகெபுமிகான்’ என்றால் புதைக்கப்பட்டது, ‘டிபாகார்’ என்றால் எரிக்கப்பட்டது. காரணக் கட்டத்தில் ‘சாக்கிட் துவா’ என்றிருந்தால் முதுமை; மருத்துவர் பார்க்காத மரணமாக இருக்கலாம். தகவல் தந்தவர் உறவினராக இருக்கவேண்டியதில்லை. கடையின் மேலாளோ அடுத்தாளோ ஆக இருப்பார். அதனால் தாயார் பெயர், வயது இவை ஊகமாக இருக்கும். 40, 45, 50 என்று குத்துமதிப்பாக வரும் வயதை நம்ப வேண்டாம். முகவரி பினாங்கு ஸ்ட்ரீட், சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் என்றால் கிட்டங்கி, அதாவது செட்டியார்கள் தொழில் நடத்தித் தங்கிய பொது இடம். அங்கே குடும்பம் இருந்ததென்று எழுதாதீர்கள். மலேசியாவில் தேசியப் பதிவிலாகா, சிங்கப்பூரில் குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையம் விண்ணப்பங்களைக் கவனிக்கின்றன.

சிங்கப்பூரில் புதைத்தது உறுதியானாலும் கல்லறை இன்று அங்கே இருக்கும் என்று பயணச்சீட்டு எடுக்காதீர்கள். பிடாடரி கல்லறை 1972-இல் மூடப்பட்டு, பின்னர் தோண்டி எடுக்கப்பட்டது.

பர்மா. 1942-இல் ரங்கூனிலிருந்து நடந்தே புறப்பட்டு வழியில் இறந்தவர்களுக்குச் சான்று என்ற ஒன்றே உருவாகவில்லை. அவர்களுக்கு ஏழாம் படிக்கு நேரே போங்கள்.

கப்பலில் இறந்தவர். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே இறந்தவரை எந்த ஊர்ப் பதிவேட்டிலும் தேட வேண்டாம். கப்பலின் பதிவுப் புத்தகத்தில் ‘கடலில் அடக்கம்’ என்ற பொருளில் குறிப்பு இருக்கும்.

ஆங்கிலப் படிவங்கள். ‘இன்டர்மென்ட்’ புதைத்தல், ‘க்ரிமேஷன்’ எரித்தல். ‘ரிமூவல்’ என்றால் உடல் வேறிடம் கொண்டுபோகப்பட்டது என்று மட்டுமே; அடுத்த ஊரின் பதிவைத் தேடுங்கள். ‘ரிசீவிங் வால்ட்’ தற்காலிக வைப்பிடம், கடைசி இடம் அன்று. ‘இன்குவெஸ்ட்’, ‘கரோனர்’ என்றிருந்தால் விசாரணைக் கோப்பு தனியாக இருக்கும், கேட்டுப் பாருங்கள். இங்கிலாந்துச் சான்றில் புதைத்த இடம் வராது. ஆஸ்திரேலியச் சான்றில் வரும்.

சர்ச் பதிவேடு. இப்பகுதிக் கத்தோலிக்கப் பங்குகளின் பழைய அடக்கப் பதிவு லத்தீனில் இருக்கும். ‘ஒபீட்’ இறந்தார், ‘செபுல்துஸ்’ ஆணை அடக்கம் செய்தது, ‘செபுல்தா’ பெண்ணை. ‘உக்சோர்’ மனைவி, ‘விதுவா’ கைம்பெண். வரியின் தொடக்கத்தில் உள்ள தேதி அடக்க நாளாக இருக்கும். ‘ஹெரி’ என்ற சொல் வந்தால் இறந்தது அதற்கு முந்தின நாள். பங்குத் தந்தையிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ஞாயிறும் திருவிழா நாட்களும் தவிர்த்துப் போங்கள். சிவகங்கை மறைமாவட்டம் 1987-இல்தான் பிரிந்தது. அதற்கு முந்தின ஆவணம் மதுரையிலும் இருக்கலாம்.

ஜமாஅத். ‘மையவாடி’, ‘கபர்ஸ்தான்’ இரண்டும் அடக்கத்தலம். ஹிஜ்ரி நாள் மாலையில் தொடங்கும் என்பதால் இரவில் நள்ளிரவுக்கு முன் இறந்தவருக்கு ஒரு நாள் கூடிக் காட்டும்.

6. சான்றும் வீட்டுப் பேச்சும் மோதினால்

இறந்த நாளுக்கு, அந்த நாளுக்கு மிக அருகில் எழுதிய தாளை முதலில் வையுங்கள்: மயான ரசீது, ஆஸ்பத்திரித் தாள், தந்தி, கடையின் பேரேடு. பிறகு உடனே பதிவான சான்று. தாமதமாகப் பதிவான சான்றும், வீட்டு வளவில் மாட்டிய படத்தின் கீழ் ‘தோற்றம், மறைவு’ என்று எழுதியதும் அதற்கு அடுத்து. படத்தை வரைந்ததோ சட்டம் போட்டதோ பல ஆண்டு கழித்தாக இருக்கலாம்.

உடலை என்ன செய்தார்கள் என்பதில் மட்டும் வரிசை மாறும். அஸ்தி இராமேசுவரத்தில் கரைத்ததாக வீட்டில் உறுதியாகச் சொன்னால், வெளிநாட்டு ‘பெர்மிட்’டைவிட அந்தச் சொல்லுக்கு எடை அதிகம். அஸ்தி வந்திருந்தால் புதைத்திருக்க முடியாது. யார் கொண்டுவந்தார், எந்தக் கப்பலில், யார் கரைத்தார் என்று அப்பத்தாமாரிடமும் பங்காளி வீட்டிலும் தனித்தனியே கேட்டு எழுதுங்கள். ஒரே கூட்டத்தில் கேட்டால் முதலில் சொன்னவர் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள்.

7. பதிவே இல்லையென்றால்

“தேடினோம், இல்லை” என்று வாயால் சொன்னதோடு திரும்பாதீர்கள். பதிவு இல்லை என்ற சான்று எழுத்தில் தரப்படும். மனுப் போட்டு வாங்குங்கள். எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, எந்தப் பெயரில் தேடினார்கள் என்பது அதில் சரியாக இருக்கிறதா என்று மேசையை விட்டு நகருமுன் படித்துப் பாருங்கள். வேறு எழுத்துக்கூட்டில் மறுபடி தேட வேண்டுமா என்பதை அதுதான் சொல்லும். தாமதப் பதிவுக்கு முயன்றாலும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் முதலில் கேட்பது இதைத்தான். ஆராய்ச்சிக்கு மட்டும் என்றால் தாமதப் பதிவு தேவையில்லை. செலவும் காலமும் வீண்.

அதற்குப் பதில் பாகப்பிரிவினைப் பத்திரங்களை எடுங்கள். ‘காலஞ்சென்ற’ என்ற சொல் ஒருவர் பெயருக்கு முன் முதலில் வரும் பத்திரத்தின் தேதியும், அவரே கையெழுத்திட்ட கடைசிப் பத்திரத்தின் தேதியும் கிடைத்தால் மரணம் அந்த இரண்டுக்கும் இடையில். வில்லங்கச் சான்று போட்டால் இந்தப் பத்திரங்களின் எண்கள் வரிசையாக வந்துவிடும். படைப்பு வீட்டில் (முன்னோரை நினைத்துப் படையல் இடும் வீடு) யார் யாரை நினைத்துப் படைக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குடும்ப மரத்தில் ஏற்றும்போது ‘இறந்த நாள்’, ‘பதிவு நாள்’, ‘அடக்கம் அல்லது தகனம்’ மூன்றுக்கும் தனிக் கட்டம் வைத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் எந்தத் தாளிலிருந்து எடுத்தது, பதிவு எண் என்ன என்று எழுதுங்கள். தாள் கிடைக்காத கட்டத்தை வெற்றாக விடுங்கள். ஊகத்தை எழுதினால் அடுத்து எடுப்பவர் அதைச் சான்றென்று நினைத்துத் தேடுவதை நிறுத்திவிடுவார்.